தைப்பூசக் கூட்டத்துல பழைய 24 எம்எம் லென்ஸ்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஆயர்ஈத்தாம்காரன்:
கையால ஃபோகஸ் பண்ற பழைய மேனுவல் லென்ஸ இன்னும் விடாம வெச்சிருக்கிறவங்க இருந்தா வாங்க பேசுவோம். என்கிட்ட இருக்கிறது நிக்கோர் 24 எம்எம் எஃப்2.8, ஏஐ மாடல் (நிக்கானோட பழைய மவுண்ட் வகை), பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில வாங்கினது, சோனி ஃபுல் ஃபிரேம் பாடில (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார்) அடாப்டர், அதாவது நடுவுல மாட்டுற இணைப்பு வளையம், போட்டு ஓட்டுறேன். எங்க பினாங்குத் தைப்பூசத்துல வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டுலருந்து கெளம்புறப்ப வழி நெடுக தேங்கா ஒடைப்பாங்கல்ல, மலை மாதிரி குவிச்சு வெச்சு, அந்த எடத்துல சில்லு பறக்குது தண்ணி தெறிக்குது சாம்பிராணி வேற, ஆட்டோ ஃபோகஸ் எதப் புடிக்கிறதுன்னு தெரியாம முன்ன பின்ன ஓடும், அதுக்குள்ள தேங்கா ஒடஞ்சி முடிஞ்சிரும். இந்த லென்ஸ்ல எஃப்8 வெச்சி (அபர்ச்சர் ஓட்டைய சின்னதாக்கி) ஃபோகஸ 2.4 மீட்டர்ல நிறுத்திட்டா கணக்குப்படி 1.2 மீட்டர்லருந்து தெருக்கோடி வரைக்கும் ஷார்ப். வ்யூஃபைண்டர்ல கண்ண வெக்கவே வேணாம், நெஞ்சுக்கிட்ட புடிச்சிக்கிட்டு அமுக்கிட்டே போலாம்.

ஆனா ஒண்ணு, லென்ஸ் மேல எழுதியிருக்கிற மீட்டர் நம்பர அப்படியே நம்பாதீங்க. விலை கம்மியான அடாப்டர் பெரும்பாலும் கொஞ்சம் கட்டையாத்தான் வரும், இன்ஃபினிட்டி (ரொம்பத் தூரத்துல இருக்கிறது ஷார்ப்பா வர்ற எடம்) கெடைக்காம போயிரக்கூடாதுன்னு வேணும்னே அப்படிப் பண்றது. வெறும் 0.1 மில்லிமீட்டர் கட்டையா இருந்தாலே 24 எம்எம்ல ஸ்கேல் 6 மீட்டர் கிட்ட காட்டுறப்பவே நெசத்துல இன்ஃபினிட்டி வந்துரும், நீங்க 2.4ல வெச்சது 4 மீட்டருக்குப் போயி நிக்கும், பக்கத்துல 1.2 மீட்டர்ல நிக்கிற ஆளு மூஞ்சி சாஃப்ட் ஆயிரும். இதே 0.1 மில்லி 50 எம்எம் லென்ஸ்ல 25 மீட்டர் கிட்டதான் வேலையக் காட்டும், யாருக்கும் தெரியாது. வைடுலதான் வெவகாரமே. நான் மொட்ட மாடியிலருந்து தூரத்துல தெரியிற கொம்தார் கோபுரத்த ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பாத்து நெசமான இன்ஃபினிட்டி எங்கன்னு புடிச்சேன், அப்புறம் டேப் வெச்சி 2.4 மீட்டர் அளந்து அந்த எடத்துல லிக்விட் பேப்பர்ல ஒரு புள்ளி. இப்ப புள்ளிய மட்டுந்தான் பாக்கிறேன்.

செலாயாங் மச்சான்:
அண்ணே உங்க 2.4 கணக்கு ஃபுல் ஃபிரேமுக்கு மட்டுந்தான் லா, எங்கள மாதிரி சின்ன சென்சார் ஃபூஜி வெச்சிருக்கிறவன் அதே எஃப்8க்கு 3.6 மீட்டர்ல வெக்கணும், ஷார்ப் ஆரம்பிக்கிறதே 1.8லருந்துதான். அதுவும் 24 இங்க 36 ஆயிருது, வைடுன்னு சொல்லவே வாய் வரல. பத்துமலையில 272 படி ஏறி குகைக்குள்ள நின்னா மேல ஓட்டையிலருந்து வெளிச்சம் கொட்டும் பாருங்க, லென்ஸ் கண்ணாடி மேல இருக்கிற பழைய கோட்டிங்ல அது நேரா அடிச்சா படம் பூரா வெளுத்துப் போயிரும். சிலருக்கு அந்த வெளுப்புதான் புடிக்குது, எனக்குப் புடிக்கல. கையால மறச்சித்தான் எடுப்பேன், வைடு லென்ஸ்ங்கிறதால அப்பப்ப வெரலும் படத்துல வந்துரும்.

பட்டர்வொர்த் பாஸ்:
சந்தையில வாங்குறவங்க போன் டார்ச்ச பின்பக்கத்துலருந்து அடிச்சி முன்பக்கமா பாருங்க, சிலந்தி வலை மாதிரி கெளை கெளையா இருந்தா பூஞ்சை. நம்ம ஊரு ஈரத்துக்கு லெதர் கேஸ்ல போட்டு அலமாரியில வெக்கிறது லென்ஸ பூஞ்சைக்குத் தத்து குடுக்கிற மாதிரி. டிரை கேபினெட்ல 40லருந்து 50 சதவீதம் போதும், அதுக்குக் கீழ எறக்குனா கிரீஸ் காஞ்சிரும்னு சொல்றாங்க. அபர்ச்சர் பிளேடுல எண்ணெய் இருக்கான்னும் பாருங்க. மத்தபடி கல்யாண வேலைக்கு நான் ஆட்டோ ஃபோகஸ்தான், தாலி கட்டுறப்ப புள்ளியத் தேடிக்கிட்டு இருக்க முடியாது. காசு குடுத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?

ஆயர்ஈத்தாம்காரன்:
பாஸ் சொல்றது நியாயம், கல்யாணத்துக்கு நானும் இத எடுத்துட்டுப் போக மாட்டேன். இன்னொருத்தர் தனியா கேட்டிருந்தாரு, லைக்கா மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் (உள்ள மிரர் இல்லாத கேமரா வகை) வைடு லென்ஸ் வாங்கலாமான்னு. பழசுல நெறைய மாடல் பின் கண்ணாடி சென்சார ஒட்டி நிக்கும், வெளிச்சம் ஓரத்துல ரொம்பச் சாஞ்சி விழுறதால மூலையெல்லாம் கொழகொழன்னு போயி கலரும் மாறும். என் நிக்கோர் மாதிரி எஸ்எல்ஆர் லென்ஸு, கேமரா உள்ள இருக்கிற மிரர் தூக்கி எறங்க எடம் விட்டுச் செஞ்சது, அதனால டிஜிட்டல்ல இந்தத் தொல்லை கம்மி. அப்புறம் மெனுல லென்ஸ் இல்லாம ஷட்டர் அடிக்கிறத ஆன் பண்ணிக்குங்க, ஸ்டெடிஷாட்ல (சோனியோட ஆட்டம் கொறைக்கிற வசதி) 24ன்னு கையால போடுங்க, கேமராவுக்கு இந்த லென்ஸ் யாருன்னே தெரியாது.