மறு: 'மாஸ் கன்சம்ப்ஷன்' தமிழில் எப்படி? – 'திரள்நுகர்வு' என்று ஒரு பரிந்துரை

அன்பு நண்பர்களே, வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் இன்று காலை உட்கார்ந்து மொத்தமாக வாசித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் 'மாஸ் கன்சம்ப்ஷன்' (ஒரே மாதிரியான பொருள்களைக் கோடிக்கணக்கானவர்கள் வாங்கிப் பயன்படுத்துவது) பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பேரளவு நுகர்வு, வெகுசன நுகர்வு, மக்கள் நுகர்வு என்று மூன்று வந்திருக்கின்றன, நுகர்வே வேண்டாம் துய்ப்பு போதும் என்று ஒரு மடல். ஒவ்வொன்றையும் பாடத்தில் போட்டு எழுதிப் பார்த்தேன். எங்கே இடறுகிறது என்று சொல்கிறேன், அப்புறம் என் பரிந்துரை.

> பேரளவு உற்பத்தி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதே வழியில் பேரளவு நுகர்வு என்றால் மாணவருக்கு உடனே விளங்கும்.

உற்பத்திக்குச் சரி. ஓர் ஆலையிலிருந்து ஒரே பொருள் லட்சக்கணக்கில் வெளியே வருகிறது, அங்கே அளவுதான் விஷயம். நுகர்வுக்கு அந்த அடைமொழி தப்பான படத்தைத் தருகிறது. ஒரு பணக்காரர் பத்து கார் வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினாலும் அது பேரளவு நுகர்வுதானே? 1945க்குப் பின் அமெரிக்காவில் நடந்தது அது இல்லை. மாதச் சம்பளத்திலும் வாரக் கூலியிலும் வாழ்ந்த கோடிக்கணக்கான குடும்பங்கள், வீட்டுக்கு ஒன்றாக, ஏறக்குறைய ஒரே மாதிரியான பொருள்களை வாங்கின. 1940ல் சொந்த வீட்டில் குடியிருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 44கூட இல்லை, 1960ல் அது 62ஐ நெருங்கிவிட்டது. 1950ல் பத்து வீட்டில் ஒன்றில் தொலைக்காட்சி இருந்தால் அதிகம், பத்தே ஆண்டில் பத்துக்கு ஒன்பது வீடு என்ற அளவுக்கு வந்தது. எத்தனை பொருள் என்பதைவிட எத்தனை பேர் என்பதுதான் இங்கே முக்கியம். அதனால் 'பேரளவு' வேண்டாம் என்பது என் முடிவு.

> வெகுசன ஊடகம் என்று சொல்கிறோமே, வெகுசன நுகர்வு என்றே விட்டுவிடலாம். இல்லாவிட்டால் மக்கள் நுகர்வு.

இது பக்கத்தில் வருகிறது, ஒரு நாள் முழுக்க இதையே வைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் 'வெகுசனம்', 'மக்கள்' என்றதும், ஏற்கெனவே அங்கே ஒரு கூட்டம் இருந்தது, அது தானாகக் கடைக்குள் நுழைந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி ஒரு கூட்டம் இருக்கவில்லை. சட்டம் போட்டு, கடன் கொடுத்து, வரி குறைத்து, சாலை போட்டு அதை உண்டாக்கினார்கள். பாடத்தின் மையமே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயலாக இருந்த இடத்தில் 1947ல் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. நாலே ஆண்டில் 17,000க்கும் மேல் வீடுகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. விலைக்கு விடத் தொடங்கிய 1949ல் ஒரு வீடு 7,990 டாலர். ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு அது எப்படி எட்டியது? 1934ல் அமைத்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கியின் கடனுக்குப் பிணை நின்றது, 20, 30 ஆண்டுத் தவணை அதனால்தான் சாத்தியமாயிற்று. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ம் ஆண்டுச் சட்டம் முன்பணம் இல்லாமலேகூட வீட்டுக் கடன் கிடைக்க வழி செய்தது. கடனுக்குக் கட்டிய வட்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 1948ல் கணவனும் மனைவியும் சேர்ந்து காட்டும் வருமானத்தை இரண்டாகப் பிரித்து வரி கணக்கிடலாம் என்று வந்தது, கணவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அதில்தான் அதிக லாபம். 1956ல் நெடுஞ்சாலைச் சட்டம்.

இதே கை சிலரை வெளியிலும் நிறுத்தியது. லெவிட்டவுனின் தொடக்ககாலக் குத்தகைப் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாதவர் யாரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு என்று எழுதியே இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற முடியாது என்று 1948ல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகும் நடைமுறை மாறவில்லை. வீரர்களுக்கான சட்டத்தில் நிறம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஆனால் கடனைக் கையில் கொடுப்பது உள்ளூர் வங்கி. 1947ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அந்தத் திட்டத்தில் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. இரண்டு நூறு இல்லை நண்பர்களே, இரண்டு. பென்சில்வேனியாவில் அதே பெயரில் எழுந்த இன்னொரு லெவிட்டவுனில் 1957ல் முதல் கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது வீட்டின் முன்னால் நாள்கணக்கில் கூட்டம் கூடிக் கல் எறிந்தது. பெண்கள் நிலைமையும் இதற்கு ஒட்டித்தான் போகிறது, தன் பேரில் கடன் கேட்கும் மணமான பெண்ணிடம் கணவர் கையெழுத்தை வங்கி கேட்பது 1974ல் வந்த சட்டம்வரை வழக்கமாக இருந்தது. இதற்கு 'மக்கள் நுகர்வு' என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால்தான் *திரள்நுகர்வு* என்கிறேன்.

திரள் என்பது எப்போதும் இருக்கிற கூட்டம் இல்லை, ஒன்றுசேர்ந்து உருவாவது. வெண்ணெய் திரள வேண்டுமென்றால் யாரோ கடைய வேண்டும். திரள் பக்கத்திலேயே திரட்டு இருக்கிறது: நிதி திரட்டினார்கள், ஆள் திரட்டினார்கள், கையெழுத்து திரட்டினார்கள். 'அரசு திரள்நுகர்வைத் திரட்டியது' என்று எழுதினால் வரலாறு அந்த வினைச்சொல்லிலேயே உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்று, திரண்டது உடையவும் செய்யும். 'வெகுசனம் உடைந்தது' என்று எழுதினால் காதில் ஏறாது, 'திரள் உடைந்தது' என்றால் ஏறும். பாடத்தின் பின்பாதிக்கு எனக்கு அதுவும் வேண்டும்.

ஏன் வேண்டும் என்றால், பின்பாதியில் நடப்பது அதுதான். 1956ல் வென்டல் ஸ்மித் என்பவர் சந்தையை ஒரே பரப்பாகப் பார்க்காமல் கூறு கூறாகப் பிரித்து விற்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வயது, வருமானம், நிறம், வாழ்க்கை முறை என்று விளம்பரக்காரர்கள் பிரிக்கத் தொடங்கினார்கள், தேர்தலும் அதே பாதையில் போனது. 1952லேயே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஐசன்ஹோவருக்குத் தொலைக்காட்சி விளம்பரம் செய்து கொடுத்த ரோசர் ரீவ்ஸ் மிட்டாயும் மாத்திரையும் விற்றுத் தேர்ந்த விளம்பரக்காரர். அப்போது நாடு முழுவதற்கும் ஒரே செய்தி. பிற்பாடு வாக்காளரையும் கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பேச்சு. ஆகவே 'மார்க்கெட் செக்மென்டேஷன்' என்பதற்குச் *சந்தைக் கூறாக்கம்* என்று போட்டிருக்கிறேன், திரளும் கூறும் எதிரெதிரே நிற்கும்.

> அரசியல் எல்லாம் சரி, பொருள் வாங்குவதற்கும் குடிமை உரிமைக்கும் என்ன தொடர்பு? கலைச்சொல்லில் அவ்வளவு சுமை ஏற்ற வேண்டுமா?

இதை எழுதிய அக்காவுக்கு: சுமையை நான் ஏற்றவில்லை, அந்தக் காலத்து மனிதர்களே ஏற்றி வைத்தார்கள். போர்க்காலத்தில் விலைக்கட்டுப்பாட்டு அலுவலகம் ஒன்று இருந்தது, பங்கீட்டு அட்டைகளும் இருந்தன, சட்டம் சொன்ன விலைக்கு மேல் கொடுக்க மாட்டேன், அட்டை வில்லை கொடுக்காமல் பங்கீட்டுப் பொருள் வாங்க மாட்டேன் என்று குடும்பத்தலைவிகள் உறுதிமொழி எடுத்தார்கள். கடை கடையாகப் போய் விலைப்பட்டியலைச் சரிபார்த்த தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். அன்றைக்கு நுகர்வோர் என்றால் பொதுநலனுக்குக் காவல் நிற்பவர். 1946 ஜூன் 30ல் அந்தக் கட்டுப்பாடு காலாவதியானது, விலை எகிறியது. பிறகு வந்த சட்டம் வலுவில்லாதது. மாடு வளர்ப்பவர்கள் விற்காமல் நிறுத்தி வைத்தார்கள், இலையுதிர் காலத்தில் இறைச்சிக்கடைகள் காலியாகக் கிடந்தன, அக்டோபரில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் இறைச்சிக்கான கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார், நவம்பர் தேர்தலில் அவருடைய கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பெரும்பான்மையை இழந்தது. இறைச்சிக்கடையில் தொடங்கியது வாக்குப்பெட்டியில் முடிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது, வேலைநிறுத்தங்களும் இருந்தன, ஆனால் பெரிய காரணங்களில் அது ஒன்று.

1950களில் அதே நுகர்வோருக்கு வேறு கடமை வந்துவிட்டது. புது ஃபிரிட்ஜ் வாங்கினால் ஆலை ஓடும், ஆலை ஓடினால் வேலை இருக்கும், வாங்குவதே நாட்டுக்குச் செய்யும் தொண்டு என்றார்கள். 1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரிச் சமையலறைக்கு முன் நின்றுகொண்டு நிக்சன் சோவியத் தலைவர் குருஷ்சேவிடம் வாதாடினார்: இந்த வீடு 14,000 டாலர், மணிக்கு 3 டாலர் வாங்கும் எங்கள் எஃகுத் தொழிலாளி இதை வாங்கலாம் என்று. இரண்டு ஆட்சிமுறைகளில் எது மேல் என்ற கேள்விக்குச் சமையலறையைச் சான்றாகக் காட்டினார், அதுவும் துணைக்குடியரசுத் தலைவர்.

அடுத்த ஆண்டே, 1960 பிப்ரவரி 1ல், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நாலு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த் கடையில் பற்பசை முதலிய சின்னச் சின்னப் பொருள்களை வாங்கிவிட்டு, ரசீதோடு போய் அங்கேயே வெள்ளையருக்கு மட்டுமான சிற்றுண்டி மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். பற்பசைக்குக் காசு வாங்கிக்கொண்ட கடை காபி தர மறுத்தது. அவர்கள் எழுந்திருக்கவில்லை. திரளுக்குள் எங்களையும் சேர் என்ற கோரிக்கையை இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. 1962 மார்ச் 15ல் குடியரசுத் தலைவர் கென்னடி, நுகர்வோர் என்றால் நாம் எல்லோரும்தான் என்று தொடங்கி நாலு உரிமைகளைச் சொன்னார். உலக நுகர்வோர் உரிமை நாளை மார்ச் 15ல் கொண்டாடுவது அதை ஒட்டித்தான்.

இடமும் மாறியது, இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. நியூ ஜெர்சியின் பராமஸில் இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தை ஒட்டி 1957ல் இரண்டு பெரிய வணிக வளாகங்கள் திறந்தன, அதே மாநிலத்து நியூவர்க் நகரத்தின் பெயர்பெற்ற பாம்பெர்கர்ஸ் கடையே அதில் ஒன்றில் கிளை போட்டது. கார் வைத்திருந்தவர் போனார், பேருந்தை நம்பியவர் பழைய நகரத்திலேயே நின்றார். கடைத்தெரு என்றால் யாரும் நிற்கலாம், துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம், கொடி பிடிக்கலாம். வளாகமோ தனியார் நிலம். அங்கே மறியல் செய்யலாம் என்று 1968ல் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972லும் 1976லும் அதிலிருந்து பின்வாங்கியது. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம்தான் தன் மாநில அரசியலமைப்பை வைத்து 1994ல் துண்டுப்பிரசுரத்துக்கு இடம் கொடுத்தது. திரள் கூடும் இடத்துக்கு ஓர் உரிமையாளர் வந்துவிட்டார், அப்புறம் பேச்சுரிமைக்கு என்ன ஆகும் என்ற கேள்விதான் அந்த வழக்குகள் எல்லாம்.

> நுகர் என்றால் முகர்தல், அனுபவித்தல். துய்த்தல் குறளிலேயே இருக்கிறது. 'திரள்துய்ப்பு' ஏன் கூடாது?

துய்ப்பு எனக்கும் பிடித்த சொல், "தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது" மனப்பாடம். ஆனால் அது கையில் இருப்பதை அனுபவிப்பது. தவணையில் வாங்கி முப்பது ஆண்டு கடன் கட்டுவது அதற்குள் அடங்காது. நுகர்வோர், நுகர்வோர் நீதிமன்றம், நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று மக்கள் வாயில் படிந்த சொற்குடும்பத்தை இதற்காகப் பிரிக்கவும் வேண்டாம். யாழ்ப்பாணத்து நண்பர் பாவனை, பாவனையாளர் என்று எழுதியிருந்தார். அங்கே அது இயல்பான சொல், தமிழ்நாட்டு மாணவருக்குப் பாவனை என்றால் நடிப்பு நினைவுக்கு வரும். நுகர்ச்சி என்று எழுதிப் பழகியவர்கள் திரள்நுகர்ச்சி என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை.

கடைசியாகப் புணர்ச்சி. இலக்கண ஐயா சுட்டிக்காட்டியது உண்மை, வாள் + நுதல் வாணுதல் ஆவதுபோல் இதுவும் 'திரணுகர்வு' என்றுதான் ஆக வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் திரளும் காணாமல் போகும், நுகர்வும் காணாமல் போகும். புதுச்சொல் படிகிறவரை பிரித்தே, *திரள்நுகர்வு*, *திரள்நுகர்வுச் சமூகம்*, *திரள்நுகர்வு அரசியல்* என்று எழுத அனுமதி கேட்கிறேன்.

போர்க்காலக் 'காவல் நுகர்வோர்', அவருக்குப் பின் வந்த 'வாங்கும் நுகர்வோர்' இருவரையும் எப்படிப் பெயரிட்டுப் பிரிப்பது என்பதற்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை, இப்போதைக்கு இப்படித்தான் அடைமொழி வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். பாடத்தின் முதல் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, 'திரள்நுகர்வு' மேல் மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்