தலைதீபாவளிக் குழு (மாலாவைச் சேர்க்காதீர்கள்)

அம்மா: தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று இன்றைக்கே முடிவு பண்ண வேண்டும். எல்லாரும் பதில் போடுங்கள்.

பெரியம்மா: மோதிரம்

ரவி மாமா: மோதிரம்தானே வழக்கம்

விஜயா: எத்தனை கிராம்?

அம்மா: அதைத்தான் பேசணும் விஜி

விஜயா: சும்மா கேட்டேன் அம்மா. எங்களுக்கு எத்தனை கிராம் போட்டீர்கள் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

சுந்தர் அத்தான்: விடு விஜி

கமலா அத்தை: *பலமுறை முன்னனுப்பப்பட்டது* தீபாவளி அன்று எண்ணெய் தேய்க்கும்போது செய்யக்கூடாத காரியங்கள்... மேலும் படிக்க

கார்த்தி: அம்மா, நான் ஒன்று சொல்கிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரபா அத்தானுக்கு மோதிரம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. வேலை இடத்தில் மெஷின் பக்கம் போட விடமாட்டார்கள், அதனால் இரண்டும் பீரோவில்தான் கிடக்கின்றன. அவர் ஜோகூரில் அறை எடுத்து, விடியுமுன் கிளம்பி சிங்கப்பூருக்குப் போய் வருகிறார். மாலா அக்கா இங்கே சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூடம், வீடு என்று இருக்கிறாள். பார்த்துக்கொள்வது மாதத்தில் இரண்டு முறை. தினமும் போனில் பேசுகிறார்கள், ஆனால் "சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு" என்றதும் பேச ஒன்றும் இருப்பதில்லை என்று அக்காவே என்னிடம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் பழகியதே நாலு மாதம்தானே. இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி வீடியோ கேம் வாங்கிக் கொடுப்போம்.

அப்பா: விளையாட்டுச் சாமானா

பெரியம்மா: மருமகனுக்கா??

அம்மா: சம்பந்தியம்மா என்ன சொல்வார்கள் கார்த்தி

ரவி மாமா: எந்த கேம்? காண்ட்ரா இருக்கிறதா?

பெரியம்மா: ஆரம்பிச்சாச்சு

ரவி மாமா: மைக்ரோ ஜீனியஸ் கேம் பெட்டி இல்லாத லயத்து வீடு உண்டா அந்தக் காலத்தில்? காண்ட்ராவில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. முப்பது உயிர். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

சுந்தர் அத்தான்: டாங்கி கேம் மாமா. கழுகைக் காப்பாற்றுகிறது.

ரவி மாமா: அதேதான். பங்காளியைச் சுட்டால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடுவான். பெரியக்கா மகன் என்னை வேண்டுமென்றே சுட்டு நிறுத்திவிட்டு எல்லா நட்சத்திரத்தையும் அவனே எடுப்பான்.

பெரியம்மா: என் மகனைப் பேசாதே. நான் ரப்பர் ஒட்டுப்பால் விற்றுச் சேர்த்து வைத்த காசில் கேசட் வாங்கியது யார்?

ரவி மாமா: பெரியக்கா, அது முப்பது வருஷக் கதை

பெரியம்மா: காசு இன்னும் வரவில்லை

கார்த்தி: மாமா சொன்னதில் விஷயம் இருக்கிறது. டாங்கி கேம் 1985இல் வந்தது, காண்ட்ரா 1987. அதற்கெல்லாம் முன்னால் 1972இல் வந்த பாங் மெஷினை ஆடவே இரண்டு பேர் வேண்டும், தனியாக ஆட முடியாது. இருவர் ஆடுவது புதுப் பழக்கம் இல்லை. ஆனால் எந்த ஆட்டம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அத்தான் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறவர். அக்கா போனில் மிட்டாய் அடுக்குகிற கேம் தவிர எதையும் தொட்டதில்லை. அதனால் ஒருவரையொருவர் ஜெயிக்கிற ஆட்டம், சண்டை, பந்தயம், பந்து, எதுவும் வேண்டவே வேண்டாம். அவள் தினமும் தோற்பாள், மூன்றாம் நாள் தலைவலி என்பாள், அதோடு முடிந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிற ஆட்டமாக இருக்க வேண்டும்.

விஜயா: இவ்வளவு யோசித்திருக்கிறாயே

அப்பா: என்ன விலை

கார்த்தி: விலைக்கு வருகிறேன் அப்பா. கேமுக்கென்றே இருக்கிற கண்சோல் பெட்டி வாங்கினால் ஆளுக்கொன்று, இரண்டு வேண்டும். பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் இரண்டிலுமே ஊர் விட்டு ஊர் ஆடப் பெரும்பாலும் சந்தா கட்ட வேண்டியிருக்கும். கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா கிடையாது. இரண்டு பேரிடமும் லேப்டாப் இருக்கிறது. நாம் வாங்க வேண்டியது கையில் பிடித்து ஆடுகிற கண்ட்ரோலர் இரண்டும் மூன்று நான்கு ஆட்டங்களும்தான். மோதிரத்தின் விலை அளவுகூட ஆகாது.

அப்பா: ம்

கமலா அத்தை: நேற்று அடித்த மழைக்கு இங்கே கரண்ட் போய்விட்டது. அங்கே?

பெரியம்மா: இங்கேயும். ஃப்ரீசரில் வைத்த மீன் போச்சு.

அம்மா: கமலா, அச்சு முறுக்கு அச்சு உன்னிடம்தானே இருக்கிறது?

கமலா அத்தை: எந்த அச்சு அண்ணி

பெரியம்மா: எங்கள் அம்மாவோட பித்தளை அச்சு. முந்தின தீபாவளிக்கு வாங்கிப் போனது.

கமலா அத்தை: அதைத் திருப்பிக் கொடுத்தேனே

பெரியம்மா: யாரிடம்?

கார்த்தி: கொஞ்சம் இதைப் பார்த்துவிட்டு முறுக்குக்குப் போகலாமா. நான் யோசித்து வைத்த முதல் பெயர் இட் டேக்ஸ் டூ. 2021இல் வந்தது, சுவீடன்காரர்கள் செய்தது. அந்த வருஷத்தின் சிறந்த கேம் என்று விருது வாங்கியது. தனியாக ஆடவே முடியாது, கட்டாயம் இருவர் வேண்டும். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் இலவசமாக இறக்கிக்கொண்டு சேர்ந்து ஆடலாம். புருஷன் கையில் ஆணி இருக்கும், பொண்டாட்டி கையில் சுத்தியல் இருக்கும். அவர் ஆணியைச் சுவரில் எறிந்தால் அவள் அதில் தொங்கித் தாண்டுவாள். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு அடி நகர முடியாது.

அம்மா: கேட்க நல்லாத்தான் இருக்கு

விஜயா: அதில் கதை என்ன?

கார்த்தி: புருஷன் பொண்டாட்டி விவாகரத்து செய்யப் போகிறார்கள். மகள் அழுகிறாள், அந்தக் கண்ணீர் பட்டு இருவரும் பொம்மையாக மாறி

பெரியம்மா: என்னது

அம்மா: கார்த்தி!!

கமலா அத்தை: தலைதீபாவளிக்கு விவாகரத்தா?

அப்பா: வேறு சொல்

கார்த்தி: சேர்ந்துவிடுவார்கள் அத்தை. அதுதான் கதையே.

பெரியம்மா: கடைசியில் சேர்ந்தால் என்ன, முதலில் பிரிகிறார்களே. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் நம்மைத்தான் பேசுவார்கள்.

சுந்தர் அத்தான்: அதே ஆட்கள் 2025இல் ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் விட்டார்கள். இரண்டு பெண் எழுத்தாளர்கள் கதை. கல்யாணம் எதுவும் இல்லை.

கார்த்தி: ஆமாம் அத்தான், அதிலும் ஒருவர் வாங்கினால் போதும். ஆனால் உண்மையைச் சொன்னால் இரண்டுமே அக்காவுக்கு முதல் ஆட்டமாகச் சரிப்படாது, விவாகரத்துக்காக இல்லை. இடது விரலால் நடக்கணும், வலது விரலால் திரும்பிப் பார்க்கணும், நடுவே குதிக்கணும். கண்ட்ரோலர் பிடித்தே பழகாதவர்களுக்கு அந்த இரண்டு குச்சிகள்தான் பெரிய மலை. சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அத்தான் "இந்தப் பக்கம் திரும்பு" என்று பத்து தடவை சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். முதலில் பார்வை தானாக நிற்கிற ஆட்டம் வேண்டும், மேலிருந்து முழு இடமும் தெரிகிற மாதிரி. கை பழகியதும் பொங்கலுக்குப் பெரிய ஆட்டத்துக்குப் போகலாம்.

கார்த்தி: அதற்கு என் தேர்வு ஸ்டார்டியூ வேலி. 2016. எரிக் பரோன் என்று ஒரே ஆள், படம், இசை, எழுத்து எல்லாம் தானே செய்தது. தாத்தா விட்டுப் போன பழைய தோட்டத்தை எடுத்துத் திருத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, அறுத்து விற்க வேண்டும். லேசான லேப்டாப்பிலும் ஓடும். ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் கால் மணி நேரம் கூட இல்லை, அத்தான் தூங்கப் போகுமுன் இரண்டு நாள் ஆடிவிட்டுப் படுக்கலாம். மறுநாள் பேச "பூசணி காய்த்ததா" என்று ஒரு விஷயம் இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

அம்மா: தாத்தா பக்கத்தில் இருக்கிறார். படித்துக் காட்டினேன்.

அம்மா: *குரல் பதிவு 0:52*

விஜயா: நான் வகுப்பில் இருக்கிறேன், யாராவது எழுதுங்கள்

ரவி மாமா: "நாற்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் கிடந்து உங்களையெல்லாம் டவுனுக்குக் கொண்டுவந்தேன். காசு கொடுத்து மறுபடியும் தோட்டத்துக்கு அனுப்புகிறீர்களா?" என்கிறார். அப்புறம் "அங்கே பால்மரம் உண்டா?" என்று கேட்கிறார்.

கார்த்தி: பால்மரம் இல்லை தாத்தா. ஆனால் ஓக் மரத்தில் ஒரு சாமான் மாட்டிப் பிசின் எடுக்கலாம். மாட்டி வைத்தால் ஒரு வாரத்தில் நிறையும்.

அம்மா: *குரல் பதிவு 0:31*

ரவி மாமா: "ஒரு வாரமா? நாங்கள் இருட்டில் வெட்டி, வெயில் ஏறுமுன் பால் எடுத்துவிடுவோம். அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்ன செய்கிறான்?"

சுந்தர் அத்தான்: தாத்தாவுக்கு ஒரு கண்ட்ரோலர் வாங்குங்கள்

கார்த்தி: இன்னொன்று மறந்துவிட்டேன். அதில் விற்ற காசு இருவருக்கும் ஒரே பெட்டியா, தனித்தனியா என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

சுந்தர் அத்தான்: ஒரே பெட்டி

விஜயா: தனித்தனி

ரவி மாமா: ஐயோ

பெரியம்மா: சமையல் கேம் ஒன்று பேத்தி ஆடுவாளே. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி, வெட்டி, தட்டு கழுவி.

கார்த்தி: ஓவர்குக்டு பெரியம்மா. இரண்டாம் பாகம் 2018, அதை ஊர் விட்டு ஊரும் ஆடலாம். அதிலும் பார்வை நிற்கும், பொத்தானும் குறைவு. ஆனால் நேரம் ஓடும், அடுப்பு தீப்பிடிக்கும், கத்த வைக்கும். வாரக்கடைசியில் அத்தான் வீட்டில் இருக்கும்போது நல்ல ஆட்டம். இரவு பதினொரு மணிக்குக் களைத்துப்போய்ப் போனில் பேசிக்கொண்டே ஆடினால் சண்டை நிச்சயம்.

பெரியம்மா: வீட்டில் உன் அம்மாவும் கமலாவும் ஒரே அடுப்படியில் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி

அம்மா: அக்கா

கமலா அத்தை: நான் இங்கேதான் இருக்கிறேன் அண்ணி

பெரியம்மா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கார்த்தி: கடைசியாக ஒன்று. இதை அக்காவுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ், 2015. ஒருவர் திரையில் வெடிகுண்டு இருக்கும், கையேடு தெரியாது. இன்னொருவரிடம் கையேடு இருக்கும், குண்டு தெரியாது. அத்தான் "கம்பி மூன்று, சிவப்பு ஒன்றும் இல்லை" என்று சொல்ல, அக்கா பக்கத்தைப் புரட்டி "இரண்டாவதை வெட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். கேம் ஒருவரிடம் இருந்தால் போதும், கையேடு இலவசம், அச்சடித்தே வைத்துக்கொள்ளலாம். அக்கா கண்ட்ரோலரைத் தொடக்கூட வேண்டாம். பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லிப் பழகிய வாய் அவளுக்கு. இதில் அத்தானைவிட அவள்தான் கெட்டி.

அம்மா: வெடிகுண்டா?

கமலா அத்தை: முதலில் விவாகரத்து, இப்போது குண்டு

அப்பா: தோட்டம் பரவாயில்லை

விஜயா: ஒன்று சொல்லட்டுமா. எங்கள் தலைதீபாவளிக்கு அரைப் பவுன் மோதிரம் வந்தது. என் மாமியார் தட்டில் வைத்து எடை பார்த்தார். இப்படி இரண்டு பேரும் என்ன பேசுவார்கள் என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை. மாலாவுக்காவது யோசிக்கிறீர்கள், செய்யுங்கள்.

அம்மா: விஜி, அப்போது எங்கள் நிலைமை உனக்குத் தெரியும்

விஜயா: தெரியும் அம்மா. குறை சொல்லவில்லை. கார்த்தி, என் பங்கு நூறு வெள்ளி.

சுந்தர் அத்தான்: எங்கள் வீட்டுக்கும் அந்தத் தோட்டம் ஒன்று போடு கார்த்தி. பெட்டி தனித்தனியாகவே இருக்கட்டும்.

ரவி மாமா: என் பங்கு ஐம்பது. கேபிள், அடாப்டர் எது வேண்டுமானாலும் ஈப்போவில் நான் பார்க்கிறேன்.

பெரியம்மா: முதலில் என் ஒட்டுப்பால் காசு

அம்மா: கேம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தட்டில் தங்கம் இல்லாமல் மாப்பிள்ளையைக் கூப்பிட முடியாது. சின்னதாக ஒரு மோதிரமும் வைப்போம். என்னங்க?

அப்பா: பார்க்கலாம்

பெரியம்மா: எத்தனை கிராம்

கார்த்தி: அம்மா, அத்தானுடைய லேப்டாப் எது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க முடியும். அவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அக்காவிடம் கேட்டாலும் தெரிந்துவிடும்.

விஜயா: சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். பார்த்துப் படம் அனுப்புகிறேன். அங்கே லைன் எப்படி என்றும் பார்க்கிறேன்.

கார்த்தி: லேப்டாப்புக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் எடுங்கள் அக்கா

கமலா அத்தை: அச்சை நான் விஜிகிட்டதான் கொடுத்தேன். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

விஜயா: என்னிடமா?

அம்மா: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். மோதிரத்தை நேரில் பேசலாம்.

பெரியம்மா: வரும்போது அச்சோடு வாருங்கள்