செங்கடல் பிளக்கலன்னு நான்தான் நிரூபிக்கணுமா?

பாளை_பொடியன்:
எங்க கோயில் அசனத்துல பந்தி முடிஞ்சு கை கழுவிட்டு நிக்கையில மச்சானுக்கும் எனக்கும் வாக்குவாதம் ஆயிட்டு. நானும் ஞாயித்துக்கெழம தவறாம ஆராதனைக்குப் போறவன்தான், ஆனா செங்கடல் பிளந்தது, யோசுவா சொல்லி சூரியன் நின்னது இதெல்லாம் எழுதினபடியே நடந்துச்சான்னு சந்தேகம் உண்டு, அதத்தான் சொன்னேன். அவன் உடனே ‘நடக்கலன்னு நிரூபி பாப்போம், முடியாதுல்லா, அப்ப வேதத்துல ஒரு எழுத்துகூட பிழை கெடையாது’ங்கான். பெருசுங்க எல்லாம் அவன் பக்கம். இதுல யாரு நிரூபிக்கணும்? விவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

ஜங்ஷன்_அண்ணாச்சி:
தம்பி, நடந்துச்சுன்னு சொல்லுதவன்தான் காட்டணும். நம்ம நெல்லையப்பர் கதை தெரியும்லா, நைவேத்தியத்துக்கு வேதசர்மா காயப்போட்ட நெல்லுல ஒரு சொட்டு மழை படாம சாமி வேலி கட்டிக் காத்தாருன்னு, தை மாசம் கோயில்ல நடத்தியே காட்டுவாவ. அது நடக்கலன்னு ஒங்க மச்சான் நிரூபிச்சிட்டாரா? நிரூபிக்காமலே நம்பாமத்தான இருக்காரு? தன் வீட்டுக்கு ஒரு படி, அடுத்த வீட்டுக்கு ஒரு மரக்கால்னு அளந்தா எப்படி. 1748லயே டேவிட் ஹியூம்னு ஸ்காட்லாந்து தத்துவ அறிஞர் எழுதிட்டாரு, சாட்சி பொய்யா இருக்கது அந்த அற்புதத்தவிட பெரிய அற்புதமா இருந்தாத்தான் ஒத்துக்கிடலாம்னு.

நாசரேத்_அக்கா:
பாதி சரி அண்ணாச்சி. ‘ஆதாரம் போதல’ங்கிறவன் ஒண்ணும் காட்ட வேண்டாம், ஆனா ‘நடக்கவே இல்ல’ன்னு அடிச்சுச் சொல்லுதவன் அவன் பங்குக்குக் காட்டித்தான் ஆவணும், அத விட்டுட்டியளே. ஹியூமும் நடக்காதுன்னு முதல்லயே முடிவு கட்டிட்டு சாட்சிய எடை போடுதாருன்னுதான் எனக்குப் படுது. உயிர்த்தெழுந்தவர 500க்கு மேல பேரு பாத்தாவ, அநேகம் பேரு இன்னும் இருக்காவன்னு பவுல் 1 கொரிந்தியர் 15ல எழுதுதாரு.

ஜங்ஷன்_அண்ணாச்சி:
அக்கா, 500 பேரு சாட்சி சொல்லல, 500 பேரு பாத்தாவன்னு ஒருத்தரு சொல்லுதாரு. அவுக யாருன்னு பேரும் இல்ல.

ஆத்தங்கரை_ஆளு:
அற்புதம் வேற, பிழையே இல்லங்கிறது வேற, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு கொழப்புதிய. அகசியா ராஜாவாகும்போது வயசு 22ன்னு 2 இராஜாக்கள் 8:26ல இருக்கு, 2 நாளாகமம் 22:2ல 42. அவன் அப்பன் யோராம் 32ல பட்டத்துக்கு வந்து 8 வருசம் ஆண்டுட்டு செத்துப் போனான், அதுவும் நாளாகமத்துலயேதான் இருக்கு, அதுக்கு முந்தின அதிகாரம். கூட்டிப் பாருங்க, மவன் அப்பனுக்கு ரெண்டு வயசு மூப்பு! கேட்டா பிரதி எடுத்தவன் பிழைம்பாவ, நானும் அப்படித்தான் நெனைக்கேன். 1978ல சிகாகோவுல கூடி வேதத்துல பிழையே இல்லன்னு அறிக்கை போட்டவங்களும் மூலப்பிரதிக்குத்தான் பொறுப்பு ஏத்தாவ. ஆனா மூலப்பிரதி ஒண்ணுகூட இன்னைக்கு யார் கையிலயும் இல்ல, இல்லாததுல பிழை இல்லன்னு எத வச்சுக் காட்ட? ‘ஒரு எழுத்துகூட’ன்னு மச்சான் சொன்னாருல்லா, அப்படிச் சொன்னா எல்லா எழுத்துக்கும் அவருதான் ஜாமீன். நீரு நிரூபிக்காததுனால அவரு சொன்னது நிரூபணம் ஆயிருமா, அது என்ன கணக்கு வே?

பாளை_பொடியன்:
ரெண்டு வசனத்தையும் மச்சானுக்கு வாட்ஸப்புல தட்டிவிட்டேன். ‘சபை போதகர் ஐயர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்’ங்கான்.

நாசரேத்_அக்கா:
கேக்கட்டும். ஒரு ராஜா வயசு மாறிப் போனா உயிர்த்தெழுதலும் பொய்யாயிருமான்னு அதையும் சேத்து கேக்கச் சொல்லு தம்பி. ஆகாதுங்கிறதுதான் என் கட்சி.