9 அடி உயிர்வேலி: மேலே காடு, அடியில் மொட்டை

மருதாணிக்கை:
வீட்டின் ஒரு பக்கம் முழுக்க உயிர்வேலி. முக்கால்வாசி துரந்தா, நடுவில் கொஞ்சம் மருதாணி, வாசல் மூலையில் மட்டும் ஊசியிலை இனத்துத் தூஜா 4. நட்டு 11 வருஷம் ஆகிறது. உயரம் 9 அடியைத் தொட்டுவிட்டது, ஆனால் முழங்கால் மட்டம் வரை வெறும் குச்சி. நாய் குனியாமலே நுழைந்து போகிறது. மாசம் தவறாமல் முகப்பை வெட்டுகிறேன், சோம்பேறித்தனம் எல்லாம் இல்லை. 6 அடிக்கு இறக்கணும், அடியும் அடையணும். ஒரேயடியாக வெட்டலாமா? உரம் போட்டால் கீழே துளிர்க்குமா?

தூக்குக்குண்டு:
உரத்தை ஓரமா வையுங்க. செடிக்குப் பசி இல்ல, அடிக்கு வெயில் பஞ்சம்.

நெஞ்சு உயரத்துல கத்தரி அழுத்தமா ஓடும், தலைக்கு மேல போகப் போகக் கை சோர்ந்து லேசாத்தான் படும். எல்லாருக்கும் அப்படித்தான். வருஷம் போகப் போக மேல்பக்கம் குடை மாதிரி வெளியே தள்ளிடும். அந்த நிழல்ல கிடக்கற இலையைச் செடி வச்சுக் காப்பாத்தாது, உதிர்த்துடும். நம்பலைன்னா ஒரு கயித்துல கல்லைக் கட்டி, வேலி உச்சியோட ஓரத்துல இருந்து தொங்கவிடுங்க. கல்லு தூரை விட்டு எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு அளந்து பாருங்க. நான் காசு வாங்கிட்டு வேலி வெட்டினவன். என் சொந்த வேலியில ஒண்ணரை அடி தள்ளி நின்னுச்சு. யார்கிட்டயும் சொல்லல.

வேலி அடியில அகலமா, உச்சியில ஒடுக்கமா நிக்கணும். 6 அடி உயரத்துக்கு அடி 3, உச்சி 2 அடி. அதாவது ரெண்டு பக்கமும் அரையடி சாய்வு. வேலியோட ரெண்டு கோடியிலும் அந்தச் சாய்வுக்கு ஒரு கழியை நட்டு, கழிக்குக் கழி மேல ஒரு நூல், கீழ ஒரு நூல் இழுத்துக் கட்டுங்க. நூலைப் பார்த்து வெட்டுங்க, கண்ணை நம்பாதீங்க.

6 அடி வேணும்னா 5 அடியில வெட்டணும். 6லயே வெட்டினா கட்டை முனைங்க மேல தெரியும், அதுக்கு மேல சிம்பு அடிச்சு ஒரே வருஷத்துல 7 அடி ஆயிடும்.

உச்சியை வெட்டினா அடி தானா அடையும்னு நினைக்காதீங்க. நுனிக்கொழுந்துல ஊறற ஆக்சின்ங்கற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்க மொட்டுகளைத் தூங்க வைக்குது. நுனி போனதும் மொட்டு முழிக்கும், சரி. ஆனா வெட்டுக்குப் பக்கத்துல இருக்கறதுதான் முதல்ல முழிக்கும். அடியில துளிர் வேணும்னா அடியிலயே வெட்டு விழணும். மூணு தண்டுக்கு ஒண்ணை முழங்காலுக்குக் கீழ அறுத்துடுங்க. துரந்தாவும் மருதாணியும் கட்டையில இருந்தே வெடிச்சு வரும். இந்த வருஷம் ஒரு முகத்தை மட்டும் உள்ள தள்ளி வெட்டுங்க, மறு முகம் அடுத்த வருஷம். புதுத்துளிர் பருவம் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி செய்யறது நல்லது.

ஏணிப்படி:
மேலே சொன்னது தூஜாவுக்குப் பொருந்தாது! பச்சை இல்லாத பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டினால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் வெட்டியது இன்றைக்கும் பொந்தாகவே நிற்கிறது. வெட்டு விழும் இடத்துக்குக் கீழே பச்சை இருக்கிறதா என்று கிளையை விலக்கிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மின்கத்தரி என்றால் ஒயரைத் தோள்மேல் போட்டு முதுகுப்பக்கம் விடுங்கள். கீழிருந்து மேலாக வீசுங்கள், வெட்டிய தழை அப்போதுதான் வெட்டும் இடத்தை மறைக்காமல் விழும். ஏணியை வேலிமேல் சாய்க்கவே கூடாது, அது தாங்காது. துரந்தாவில் முள் இருக்கும், கையுறை போடுங்கள்.

மருதாணிக்கை:
கல் 22 அங்குலம் தள்ளி நிற்கிறது. கயிற்றைக் கட்ட ஏறியபோதுதான் பார்த்தேன், மருதாணிக்குள் ஒரு கூடு, உள்ளே 3 குஞ்சு. இறகே இன்னும் சரியாக முளைக்கவில்லை.

தூக்குக்குண்டு:
அப்போ கத்தரியை இப்ப எடுக்க வேணாம். குஞ்சு பறந்ததும் துரந்தாக் கோடியில இருந்து ஆரம்பிங்க. அதுவரைக்கும் கழியை நட்டு நூலைக் கட்டிப் பழகுங்க, முதல் தடவை நேரா வராது.