மிச்சிகன் நவம்பர் குளிரில் பரண் மேல் வில்லோடு: முதல் தடவை போகிறவனுக்கு என்ன சொல்வீர்கள்?

காண்டன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கம் கார் பாகங்கள் வடிவமைக்கிற வேலை எனக்கு. கூட வேலை பார்ப்பவர் ஒருவருக்கு மெகோஸ்டா கவுண்டியில் சொந்தமாகக் கொஞ்சம் காடு உண்டு. அவர் பேச்சைக் கேட்டு ஒரு காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் கப்பி வைத்த நவீன வில்) வாங்கி, கோடை முழுக்கப் பழகினேன். இப்போது 20 கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அம்புகளைச் சேர்த்துப் போட வருகிறது. நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை மான் வேட்டைக்கு வா, உனக்கென்று ஓர் ஏணிப் பரண் ஒதுக்கியிருக்கிறேன் என்கிறார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்காதவர்களுக்குத் தருகிற அப்ரெண்டிஸ் உரிமமும் எடுத்தாயிற்று.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மார்கழியில் குற்றாலத்துக்குப் போனாலே போர்வை கேட்கிற உடம்பு இது. அன்றைக்குக் காலை 20 டிகிரி ஃபாரன்ஹீட் (ஏறக்குறைய மைனஸ் 7 செல்சியஸ்) வரை இறங்குமாம். இருட்டோடு ஏறி, பதினொரு மணி வரை அசையாமல் உட்கார வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஸ்கீ ஜாக்கெட், ஜீன்ஸ், காட்டன் தெர்மல். இது போதுமா?

இன்னொன்று. அவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் வேறு பரணில் இருப்பார், நான் இங்கே தனியாக. 18 அடி உயரம். தூங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று வீட்டம்மா கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை.

லான்சிங் சுந்தரபாண்டியன்:

பாட்டரியில் சூடாகும் உள்சட்டை ஒன்று வாங்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முடிந்தால் கிராஸ்போவுக்கு, அதாவது துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி அம்பு விடுகிற வில்லுக்கு, மாறிவிடுங்கள். மிச்சிகனில் வில் வேட்டைப் பருவத்திலேயே அதற்கு அனுமதி உண்டு. தரையிலேயே நாணை ஏற்றிவிட்டு, அம்பு வைக்காமல் கயிற்றில் மேலே இழுத்துக்கொள்ளலாம். விறைத்துப்போன கையால் நாண் இழுக்கிற வேலையே இல்லை. நான் தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்படித்தான் போகிறேன்.

மானிஸ்டி அக்கா:

தம்பி, ஜீன்ஸையும் காட்டன் தெர்மலையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. உன்னைக் குளிரில் நடுங்க வைப்பது வெளிக்காற்று இல்லை, நீ நடந்து போகும்போது விட்ட வேர்வை. காட்டன் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயவே காயாது. வண்டியிலிருந்து பரண் வரை கால் மைல் நடந்தாலும் இருட்டில், பையும் வில்லுமாக, முதுகு நனைந்துவிடும். அப்புறம் எத்தனை ஜாக்கெட் போட்டாலும் எட்டு மணிக்குப் பல் தந்தியடிக்கும்.

அதனால் நடக்கும்போது லேசாகக் குளிர வேண்டும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, மேலே ஒரு மெல்லிய ஃப்ளீஸ், அவ்வளவுதான். கனத்த ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் பைக்கு வெளியே கட்டி எடுத்துப்போ. மரத்தடியில் ஐந்து பத்து நிமிஷம் நின்று உடம்பு ஆறிய பிறகு போட்டுக்கொள். ஸ்கீ ஜாக்கெட் வேண்டவே வேண்டாம். கையைத் தூக்கினால் சரசரவென்று கத்தும். காற்றில்லாத உறைபனிக் காலையில் அது மானுக்கு நன்றாகவே கேட்கும். வெளியே ஃப்ளீஸோ கம்பளியோ இருக்கட்டும். அந்தத் துணியைச் சமையலறைப் பக்கம் மாட்டி வைக்காதே. பெருங்காயத் தாளிப்பு வாசம் கம்பளியில் ஏறினால் போகாது. எங்கள் வீட்டில் எல்லாம் கராஜில், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும்.

கால்: இரண்டு சாக்ஸ் போட்டு பூட்ஸை இறுக்குகிறவர்கள்தான் முதலில் கீழே இறங்குவார்கள். இறுக்கினால் ரத்தம் ஓடாது. ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், ஒரே ஒரு கனத்த கம்பளி சாக்ஸ். பரணின் இரும்புத் தட்டு பாதத்துச் சூட்டை உறிஞ்சிவிடும், அதன்மேல் பழைய கார்பெட் துண்டோ ஃபோம் துண்டோ போட்டு மிதி. சத்தமும் வராது. கைக்குப் பெரிய கையுறை போட்டால் ரிலீஸின் (நாணைப் பிடித்து விடுகிற சின்னக் கருவி) விசை தெரியாது. மெல்லிய கையுறை போட்டு, இடுப்பில் கட்டுகிற கைக்கூடு ஒன்றுக்குள் சூடாகும் பொட்டலத்தோடு கையை விட்டு வை. அதில் இருப்பது இரும்புத் தூள், காற்றுப் பட்டால்தான் சூடாகும். ஆகவே வண்டியிலேயே உறையைப் பிரித்துவிடு.

உன் வீட்டம்மா கேட்டதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான கேள்வி. முழு உடம்பு ஹார்னஸ் (தோள், தொடையைச் சுற்றிக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை), அதோடு மரத்தில் மேலிருந்து தரை வரை தொங்கும் லைஃப்லைன் கயிறு, அதில் பிரூசிக் முடிச்சு (கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகி நிற்கும்). தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே ஹார்னஸை அந்த முடிச்சில் மாட்டிவிட்டு, ஏற ஏற முடிச்சைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், அதிலும் ஏணிப்படியில் உறைபனி படிந்திருக்கும். உட்கார்ந்த பிறகு ஹார்னஸை மரத்தோடு இணைக்கிற கயிறு தலைக்கு மேலே, தொய்வு இல்லாமல் இருக்கட்டும். அப்படியிருந்தால் தூங்கி வழிந்தாலும் இருக்கையை விட்டுப் போக மாட்டாய். தப்பித்தவறித் தொங்க நேர்ந்தால் தொடைப்பட்டை ரத்தத்தை நிறுத்திவிடும், சில நிமிஷங்களிலேயே ஆபத்து. கால் வைத்து எழுந்து நிற்க ஒரு பட்டை ஹார்னஸோடு வரும், அதைக் கைக்கு எட்டும்படி வை. போன் நெஞ்சுப் பையில், உள்பக்கம். வெளியே வைத்தால் குளிரில் பாட்டரி செத்துவிடும். வில்லைக் கயிறு கட்டித்தான் மேலே இழுக்க வேண்டும், அம்பு முனைகள் மூடிய கூட்டுக்குள் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்ரெண்டிஸ் உரிமத்தில் நீ தனியாக வேட்டையாட முடியாது. முறையான உரிமம் உள்ள, 21 வயது நிறைந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். கூட என்றால், கண்ணுக்குத் தெரிகிற, கூப்பிட்டால் காதில் விழுகிற, உடனே உதவிக்கு ஓடி வருகிற தூரம். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்பது அந்தத் தூரம் இல்லை. ஒன்று, அவரைப் பக்கத்து மரத்துக்கு வரச் சொல். இல்லையென்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து வழக்கமான உரிமம் எடு. அந்த வகுப்பை நீ எப்படியும் முடிக்கத்தான் வேண்டும். அப்ரெண்டிஸ் இரண்டு வருஷத்துக்குத்தான் கிடைக்கும்.

சரி, வில்லுக்கு வருகிறேன். கோடையில் டிஷர்ட்டோடு பழகிய கை வேறு, இரண்டு மணி நேரம் விறைத்துக் கிடந்த கை வேறு. ஆகஸ்டில் 60 பவுண்டு இழுவை எடையுள்ள வில்லை அலட்சியமாக இழுத்தவர்கள் நவம்பரில் வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, முக்கி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அசைவில் மான் போயே போய்விடும். முழு உடுப்பும் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, வில்லை நேராகப் பிடித்தே இழுக்க வருகிறதா என்று கராஜில் பார். வரவில்லையென்றால் வில்லின் இழுவை எடையைக் குறை, 50 பவுண்டு வெள்ளைவால் மானுக்குத் தாராளம். குறைத்த பிறகு வில்லில் குறி பார்க்கிற புள்ளிகளை மறுபடி சரிபார்க்க மறந்துவிடாதே. இடது கையில் ஒரு காப்புப் பட்டை கட்டி ஜாக்கெட் கையை அமுக்கு. நாண் அந்தத் துணியில் உரசினாலே அம்பு எங்கேயோ போகும். பரணில் அரை மணிக்கு ஒரு தடவை, எழுந்திருக்காமலே தொடையையும் தோளையும் இறுக்கி விடு.

காலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் சூரியன் ஏழேகாலைத் தாண்டித்தான் உதிக்கும். அதற்கு அரை மணி முன்பிருந்து அம்பு விடச் சட்டம் அனுமதிக்கும். இருட்டில் உனக்குக் காது மட்டும்தான். உறைபனி விழுந்த ஓக் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். முதலில் நெஞ்சு படபடக்க வைப்பது அணில்தான்: விறுவிறுவென்று ஓடும், நிற்கும், தோண்டும், மறுபடி ஓடும். மான் அப்படி நடக்காது. இரண்டு மூன்று அடி, அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இன்னும் இரண்டு அடி. அந்த நிறுத்தத்தில் அது உன் பக்கம் காதைத் திருப்பி வைத்திருக்கும். சூரியன் வந்ததும் சூடாகும் என்று எண்ணி ஏமாறாதே, உதயத்தை ஒட்டிய நேரம்தான் இருப்பதிலேயே குளிர். நிறையப் பேர் அப்போது மனசு விட்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் நவம்பர் முதல் பாதி இணைசேரும் காலம். ஆண் மான் பெண்ணைத் தேடிப் பத்து, பதினொன்று வரை அலையும். உன் நண்பர் பதினொரு மணி என்று சொன்னது அதனால்தான்.

காற்றைப் பார்க்க மில்க்வீட் பஞ்சு கொஞ்சம் சட்டைப்பையில் வை, நம்மூர் எருக்குக்கு உறவுதான், பஞ்சும் அதேதான். விடியலில் ஒன்றை விட்டுப் பார்: காற்றே இல்லாதது போலிருந்தாலும் அது சரிவில் கீழே இறங்கும், குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு வழிகிறது. உன் வாசமும் அதோடு போகும். வெயில் தரையில் பட்டபின் அதே பஞ்சு மேலே ஏறும். விடியலில் உனக்குக் கீழ்ச்சரிவில் மான் நடக்கிற இடமாக இருந்தால் அந்தப் பரண் காலைக்கு ஆகாது. நண்பரிடம் கேட்டுக்கொள்.

தின்ன ஏதாவது எடுத்துப்போ. பேரீச்சம்பழம் நல்லது. முறுக்கு, கடலைமிட்டாய் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மான் வந்தால், அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது நாணை இழு. பக்கவாட்டில் நின்றால் அல்லது உன்னை விட்டுச் சற்று விலகிய கோணத்தில் நின்றால் மட்டும் விடு. நேருக்கு நேர் பார்த்து நின்றாலும், காலடியில் வந்து நின்றாலும் விடாதே. மேலிருந்து நேர் கீழே விட்டால் ஒரு நுரையீரல்தான் கிடைக்கும், மான் எங்கோ ஓடி வீணாகச் சாகும். கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பை வளைத்துக் குறி பார். விட்ட பிறகு எந்த மரத்தருகே கடைசியாகப் பார்த்தாய் என்று மனதில் வை, கீழே இறங்காதே. குறைந்தது அரை மணி. பிறகு அம்பைப் பார்: நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலைந்து மணி நேரம் விட வேண்டும். பச்சையும் நாற்றமும் என்றால் குடல், அரை நாள் போகட்டும். அவசரப்பட்டுப் பின்னாலேயே போனால் அது எழுந்து ஓடிவிடும்.

திண்டுக்கல் பூட்டு:

எல்லாம் சரிதான் அக்கா. ஊரில் மான் மேல் கை வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டும். இங்கே வந்து காசு கொடுத்து அதையே செய்கிறோம். அதுவும் வில்லால். துப்பாக்கியாவது சட்டென்று முடிக்கும். எனக்கு ஒப்பவில்லை.

மானிஸ்டி அக்கா:

ஒப்பாதவர்கள் போக வேண்டாம், எங்கள் வீட்டிலேயே மகள் வரமாட்டாள். ஆனால் மிச்சிகனின் தென் தீபகற்பத்தில் ஓநாய்க் கூட்டங்கள் எப்போதோ போய்விட்டன, சோளக்காடு நிறைய, மான் பெருகிக்கொண்டே இருக்கிறது. மாநிலத்தில் வருஷத்துக்கு 50,000-க்கு மேல் வண்டிகள் மானில் மோதுகின்றன. அந்தச் சாவும் சட்டென்ற சாவு இல்லை. இன்னொன்று, வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மேல் மத்திய அரசு 1937-இலிருந்து தனி வரி வாங்கி மாநில வனத்துறைகளுக்கே கொடுக்கிறது. வில், அம்பு சாமான்களையும் அதே 1972-இல்தான் அந்த வரிக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே காடு பராமரிப்பில் பாதிப் பேச்சு அந்தப் பணத்தைப் பற்றித்தான்.

வில்லைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் உண்டு. இரண்டு நுரையீரலிலும் கூரான முனை போனால் சில விநாடிகளில் சாயும். இல்லையென்றால் கொடுமைதான். அதனால்தான் அந்தத் தம்பியிடம் எப்போது விடக்கூடாது என்று அவ்வளவு நீளமாகச் சொன்னேன்.

காண்டன்வாசி:

அக்கா, ரொம்ப நன்றி. அப்ரெண்டிஸ் விஷயத்தை நண்பரிடம் சொன்னேன், அவருக்கே தெரியவில்லை. பக்கத்து மரத்துக்கு ஒரு பரணை மாற்றுகிறார். ஹார்னஸ் வந்துவிட்டது, நேற்று வீட்டம்மா முன்னால் மாட்டிக் காட்டினேன், சிரித்துவிட்டுச் சரி என்றார். கடைசியாக ஒன்று: கிடைத்தால் கறியை மட்டன் மாதிரியே சமைக்கலாமா?

மானிஸ்டி அக்கா:

கொழுப்பை மட்டும் சுத்தமாக அரிந்து எடுத்துவிடு. மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும், கவிச்சி என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதுதான். முதுகுத்தண்டை ஒட்டிய நீளக்கறியை மிளகு, சீரகம் இடித்துப் போட்டு அதிகத் தீயில் சட்டென்று வறு. ரொம்ப நேரம் வைத்தால் ரப்பர். தொடைக்கறி குக்கரில் சுக்காவுக்கு நன்றாக வரும்.

மிச்சிகனில் காட்டு மான்களிடம் 2015 முதல் சிடபிள்யூடி (CWD) என்று மூளையைத் தாக்கும் நோய் இருக்கிறது. மூளை, தண்டுவடம் பக்கம் கத்தி போகாமல் பார்த்துக்கொள். உங்கள் கவுண்டியில் தலையைக் கொடுத்துச் சோதிக்க ஏற்பாடு இருந்தால் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை கறியை உறைபெட்டியில் வை. நோய் இருப்பதாக வந்தால் சாப்பிடக் கூடாது. அடித்த 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், அதையும் விட்டுவிடாதே.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லையென்றால் வில் பருவம் 14-ஆம் தேதி வரைதான். 15-இலிருந்து துப்பாக்கிக்காரர்கள் வந்துவிடுவார்கள், அந்த நாட்களில் வில்லோடு போனாலும் ஆரஞ்சு நிற உடுப்பு கட்டாயம். டிசம்பர் 1-இல் வில் பருவம் மறுபடி திறக்கும். ஆனால் அந்தக் குளிருக்கு இதில் சொன்ன உடுப்பு போதாது, அப்போது தனியாகக் கேள்.