கிண்டியா, பாதி ஃபீஸ் தள்ளுபடியா? மகள் சீட் விஷயமாக ஒரு சந்தேகம்

வள்ளவிளைக்காரன்:

வணக்கம். நான் விசைப்படகில் தூண்டில் தொழிலுக்குப் போகிறவன். இப்போது தடைக்காலம், கரையில் இருக்கிறேன். ஜூலை 31 கழிந்தால் படகு இறங்கிவிடும். அப்புறம் முப்பது நாள், நாற்பது நாள் கரை காண மாட்டேன். அதற்குள் இதை முடித்துவிட்டுப் போக வேண்டும்.

மூத்த பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து எய்டட் பள்ளி, தமிழ் மீடியம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறப்போகும் முதல் ஆள் அவள்தான். கையில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரியில் கிடைத்த ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், மேப், ஜிபிஎஸ் சம்பந்தமான படிப்பு. மற்றது வெளி மாவட்டத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். அங்கே ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். வருஷ ஃபீஸ் 3,60,000 ரூபாய். மார்க்கைப் பார்த்துப் பாதி தள்ளுபடி என்று கடிதம் வந்திருக்கிறது. கெட்டித் தாளில் அவள் பெயரைத் தங்க நிறத்தில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரி அதை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். வருகிற போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் எடுத்துப் பார்த்தாயிற்று.

இரண்டாம் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. மகள்தான் வாசித்துச் சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் சிஜிபிஏ (பத்துக்குக் கணக்கிடும் மார்க் சராசரி) 8.5க்குக் குறையக் கூடாதாம், ஒரு அரியர்கூட விழக் கூடாதாம். விழுந்தால் அடுத்த வருஷத்திலிருந்து முழு ஃபீஸ். ஹாஸ்டலும் சாப்பாடும் தனியாக 1,20,000.

என் வருமானம் கடலைப் போலத்தான். ஒரு தங்கலில் (பல நாள் கடலில் தங்கிப் பிடிப்பது) கேரை மீனும் சுறாவும் கிடைத்தால் பங்கு நன்றாக வரும். அடுத்த தங்கலில் டீசல், ஐஸ் செலவு போக ஒன்றும் மிஞ்சாது.

பிள்ளையின் மனசு பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்தபோது அவள் நாலாம் வகுப்பு. என் சித்தப்பா மகன் போன படகு திரும்பவில்லை. கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் படகு எந்தப் பக்கம் கிடக்கிறது என்றுதான் கேட்டார்கள், பதில் சொல்ல ஆள் இல்லை. அதிலிருந்து மேப், ஜிபிஎஸ் என்றால் அவளுக்கு ஒரு கிறுக்கு. நான் மீன் பட்ட இடங்களை ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட் போட்டு வைப்பேன். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அட்லஸைப் பார்த்துப் படமும் வரைந்து வைத்திருக்கிறாள். ஆனால் கூட்டுக்காரிகள் இரண்டு பேர் அந்த நிகர்நிலைக்குப் போகிறார்கள். "எனக்க இஷ்டத்தக் கேட்டா கிண்டிதான் அப்பா. ஆனா மெட்ராசுல தனியா நிக்க பயமா இருக்கு" என்கிறாள்.

ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படித்தால் பிழைப்பு உண்டா? அரசு உதவி எதெல்லாம் கிடைக்கும்? நிகர்நிலைக்கு 25,000 அட்வான்ஸ் கட்டிவிட்டேன், அது திரும்புமா?

கருங்கல் டீச்சர் (ஓய்வு):

தம்பி, முதலில் உதவித்தொகை. பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், எய்டட் பள்ளிக்குக் கிடையாது. நம் மாவட்டத்தில் எய்டட் பள்ளிகள் அதிகம், வருஷா வருஷம் இதில் பல பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். ஆனால் புதுமைப்பெண் திட்டத்தை 2024ல் எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரித்துவிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள கணக்கிலேயே விழும். மெட்ராசில் பஸ்ஸுக்கும் சோப்புக்கும் ஆயிற்று.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் எடுத்தீர்களா? கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தனியார் பொறியியல் கல்லூரி என்றாலும் வருஷத்துக்கு 25,000 வரை அரசு தரும். இதற்கு வருமான வரம்பு கிடையாது. நிகர்நிலையில் நேரடியாகச் சேர்ந்தால் இது இல்லை. அந்தத் தங்கத் தாளில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகையையும் விடாதீர்கள். தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு வருஷம் 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மார்க் வரிசையில்தான் எடுப்பார்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் திறந்ததும் போட்டுவிடுங்கள். மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு அதிலும் உதவி உண்டு. அட்டையைப் புதுப்பித்தீர்களா? போன வருஷம் என்னிடம் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் புதுப்பிக்கவில்லை.

குளச்சல் 72:

அண்ணே, எல்லாரும் கிண்டி கிண்டி என்பார்கள். என் மகனும் பெரிய பெயர் என்று கிண்டியில் கிடைத்த ஏதோ ஒரு பிரிவில் சேர்ந்தான். பாடம் பிடிக்கவில்லை, நாலு வருஷமும் இழுத்துப் பறித்துதான் முடித்தான். கம்ப்யூட்டர் பக்கம் என்றால் வேலைக்குக் கவலை இல்லை. பைசா இன்று போகும், நாளை வரும்.

தக்கலை தம்பி:

அண்ணே, நான் கிண்டியில் சிவில் படித்தேன். ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்காரர்கள் எங்கள் துறைக் கட்டடத்தில்தான் இருந்தார்கள், அதனால் கொஞ்சம் தெரியும்.

மேலே குளச்சல் அண்ணன் சொன்னது நடக்கிற கதைதான். பெயருக்காகச் சேர்ந்து பாடம் பிடிக்காமல் தவித்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளை விஷயம் அப்படியில்லை. நிலத்தை அளப்பது, ஜிபிஎஸ், செயற்கைக்கோள் படத்தைப் படிப்பது, அதை வைத்துக் கணினியில் மேப் செய்வது, இவைதான் அங்கே பாடமே. கோடிங்கும் உண்டு. அந்தக் கல்லூரியே 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். நோட்டில் பாயிண்ட் எழுதுகிற பிள்ளை அங்கே பொருந்திப் போவாள்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பிரிவுக்கு வருகிற அளவு கம்பெனிகள் இதற்கென்று தேடி வராது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டார்கள். இதே துறையில் நிற்க வேண்டுமென்றால் மேற்படிப்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மீன் கிடைக்கும் இடம் பற்றிய அறிவிப்பு வருகிறதே, அது ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தருவது. கடல் மேற்பரப்பின் வெப்பம், தண்ணீரின் பச்சையம், இரண்டையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் கணிக்கிறார்கள். ஒக்கிக்குப் பிறகு நடுக்கடலுக்கும் எச்சரிக்கை போய்ச் சேர ஜெமினி என்று ஒரு கருவியை 2019ல் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

பயம் நியாயம்தான். முதல் செமஸ்டரில் எல்லாம் இங்கிலீஷ், கணக்கு வேறு. எனக்கு முதல் இன்டர்னலில் ஐம்பதுக்கு பதினொன்று. அழுதுகொண்டே அம்மாவுக்கு போன் செய்தேன். இரண்டாம் வருஷம் சரியாயிற்று. ஆனால் பாருங்கள், எனக்கு அந்த 8.5 நிபந்தனை இருந்திருந்தால் முதல் வருஷமே தள்ளுபடி போயிருக்கும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு எங்கே போனாலும் முதல் வருஷம்தான் கஷ்டம், நிகர்நிலைக்காரர்கள் கத்தி வைத்திருப்பதும் அங்கேதான்.

குழித்துறையில் சாயங்காலம் அனந்தபுரி ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். நம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இப்போது கிண்டியில் மூன்றாம் வருஷம், லேடீஸ் ஹாஸ்டல். ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டி ஆகிறது என்றாள். வேண்டுமென்றால் பேச வைக்கிறேன்.

நாகர்கோவில் வங்கிக்காரன்:

கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நிகர்நிலையில் தள்ளுபடி நாலு வருஷமும் நின்றால் 1,80,000 கூட்டல் 1,20,000, ஆக வருஷம் 3 லட்சம், மொத்தம் 12 லட்சம். முதல் வருஷத்தோடு தள்ளுபடி போனால் 17,40,000. கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தருவோம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் கேட்போம். கடற்கரை வீடுகளில் பலவற்றுக்குப் பட்டா சிக்கல் இருப்பது உங்களுக்கே தெரியும். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். மீன் படாத மாதமும் ஏறும்.

அட்வான்ஸ் விஷயம்: யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒவ்வொரு வருஷமும் ஒரு தேதி சொல்லும், அதற்குள் விலகினால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். நிகர்நிலைக்கும் இது பொருந்தும். கடிதமாக எழுதி, மெயிலும் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் சொல்லாதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் கொடுத்தீர்களா?

வள்ளவிளைக்காரன்:

கொடுத்துவிட்டேன் அண்ணே, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும். நேற்று போன் செய்தால், சேர்ந்த பிள்ளைகளுடையது எல்லாம் படிப்பு முடிந்துதான் தருவோம் என்கிறார்கள்.

நாகர்கோவில் வங்கிக்காரன்:

சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் யுஜிசி விதிதான். நேரில் போங்கள், விதியைச் சொல்லி எழுதிய கடிதத்தோடு. மறுத்தால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் போடலாம்.

வள்ளவிளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை மகளோடு பஸ் ஏறிப் போய்வந்தோம். முதலில் வெயிட் பண்ணச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். அவளே கடிதத்தை நீட்டி, விதியை இங்கிலீஷில் சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை. சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. பைசா கணக்கில் வரும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம், வந்தால்தான் நம்புவேன்.

டீச்சர், வாரிய அட்டை நீங்கள் சொன்ன மாதிரியே காலாவதி. நாளை போகிறேன்.

படகு இறங்கும் தேதியும் அவள் கிண்டியில் சேரும் தேதியும் இடிக்கிறது. அம்மாவோடு அனுப்ப வேண்டியதுதான், அனந்தபுரியில் இப்போதைக்கு வெயிட்டிங் லிஸ்ட். தக்கலை தம்பி, அந்த மூன்றாம் வருஷப் பிள்ளையின் நம்பரைத் தனியாக அனுப்பினால் இன்று ராத்திரியே இவளைப் பேச வைப்பேன்.