கோடையில் வீடு பார்க்கிறீர்களா? ஜனவரியை மனதில் வைத்துப் பாருங்கள்

கேள்வி:
இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கம்பெனி கொடுத்த தற்காலிக வீடு ஆகஸ்ட் முதல் வாரத்தோடு முடிகிறது. இரண்டு பெட்ரூம் வாடகை வீடு தேடுகிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. முதலில் வீடா, ஸ்கூலா? வீட்டில் எதையெல்லாம் பார்த்து எடுக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கவுன்சிலுக்கு (உள்ளூராட்சி அலுவலகம்) ஒரு போன், அதன்பின் வீடு, வீட்டு ஒப்பந்தம் கையில் வந்த அன்றே ஸ்கூல் விண்ணப்பம்.

உங்களுக்குப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஏரியாக்களின் கவுன்சிலில் அட்மிஷன் பிரிவைக் கூப்பிட்டு, "ரிசப்ஷனிலும் இயர் 4-லும் எந்தெந்த ஸ்கூலில் இடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். ரிசப்ஷன் என்பது இயர் 1-க்கு முந்தைய ஆரம்ப வகுப்பு. வகுப்பு எதுவென்பதை ஆகஸ்ட் 31 அன்று உள்ள வயதுதான் முடிவு செய்யும். அன்று நான்கு முடிந்திருந்தால் செப்டம்பரில் ரிசப்ஷன், எட்டு முடிந்திருந்தால் இயர் 4. ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற சட்ட வரம்பு உண்டு. அதனால் மகளுக்கு இடம் கிடைக்கும் ஸ்கூலிலேயே மகனுக்குக் கிடைக்காமல் போகலாம். இரண்டு பிள்ளைகளும் இரண்டு ஸ்கூல் என்றால் காலை எட்டரை மணிக்கு யார் யாரைக் கொண்டுபோய் விடுவது என்பதே வீட்டில் தினசரிப் போராட்டமாகிவிடும். அதைத் தவிர்க்க, இரண்டு வகுப்பிலும் இடமுள்ள ஸ்கூலைச் சுற்றி நடை தூரத்தில் வீடு தேடுவதுதான் புத்திசாலித்தனம். நல்ல வீடு வேறு ஏரியாவிலும் கிடைக்கும். அந்த இரண்டு சீட்டும் சேர்ந்து இன்னொரு இடத்தில் அமைவது கடினம்.

இயர் 4-க்கு நீங்கள் போடுவது ஆண்டு நடுவில் சேர்க்கும் விண்ணப்பம். அதற்குப் பத்து பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்ல முயல வேண்டும், பதினைந்துக்குள் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது விதி. கவனியுங்கள், கணக்கில் வருவது பள்ளி நாட்கள். ஆகஸ்டில் பெரும்பாலான ஏரியாக்களில் அப்படி ஒரு நாளும் இல்லை. ஜூலை மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஸ்கூல் மூடிவிட்டால் ஸ்கூல் அலுவலகத்தில் போன் எடுக்க ஆள் இருக்காது. ஆகவே மூடுவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச்சேர்ந்தால் நல்லது. ரிசப்ஷனுக்கான வழக்கமான கெடு ஜனவரி 15. இப்போது போட்டால் தாமத விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். செப்டம்பர் முதல் இரண்டு வாரத்தில் சில பிள்ளைகள் வராமல் போவதால் பட்டியல் நகர்வது வழக்கம். இடம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடும் செய்யலாம்.

இனி வீடு. ஜூலையில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். இரவு ஒன்பது வரை வெளிச்சம், திறந்த ஜன்னல், காய்ந்த சுவர். நீங்கள் குடும்பம் நடத்தப்போவது டிசம்பரிலும் ஜனவரியிலும் அதே வீட்டில். லண்டன் பக்கம் ஜூன் மத்தியான வெயில் சுமார் 62 டிகிரி உயரத்தில் நிற்கும், டிசம்பரில் சுமார் 15 டிகிரிதான். இன்று வெயில் பளிச்சென்று விழும் ஹால், எதிர்வரிசை வீட்டு நிழலில் மூன்று மாதம் கிடக்கலாம். போனில் திசைகாட்டியை எடுத்து ஹாலும் பிள்ளைகள் படுக்கும் அறையும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வடக்குப் பார்த்த அறையில் குளிர்காலத்தில் வெயில் எட்டியும் பார்க்காது.

பூஞ்சணம் பிடித்த வீட்டைக் கோடையிலும் கண்டுபிடிக்கலாம். ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலையில், ரப்பரும் கண்ணாடியும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால், துடைத்துவிட்டுக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்து உள்ளே மூக்கை நீட்டுங்கள், ஈர மண்வாடை வரக்கூடாது. அறை முழுக்கப் பழைய பெயிண்டாக இருந்து, கூரை ஓரத்தில் ஒரு மூலையில் மட்டும் புது வெள்ளை பளபளத்தால் காரணம் கேளுங்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இரு கண்ணாடிக்கும் நடுவில் பனி மூட்டம் போல் இருந்தால் அதன் சீல் போய்விட்டது, குளிரைத் தடுக்கும் சக்தியும் குறைந்துவிட்டது.

அந்த வீட்டின் எனர்ஜி சர்டிபிகேட்டை அரசின் இணையதளத்தில் முகவரி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அதில் வீட்டுக்கு A முதல் G வரை ஓர் எழுத்துத் தரம் இருக்கும், A நல்லது. விதிவிலக்குப் பெற்ற சில வீடுகள் தவிர, E-க்குக் கீழே உள்ளதை வாடகைக்கு விடக்கூடாது. வெறும் எழுத்தைப் பார்த்து நின்றுவிடாமல், சூடாக்குவது கேஸா கரண்டா என்ற வரியையும் படியுங்கள். கரண்டு யூனிட் விலை கேஸைப் போலப் பல மடங்கு. இரவில் கரண்டில் சூட்டைச் சேமித்து வைக்கும் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள பிளாட்டில் வாடகை மாதம் நூறு பவுண்டு குறைவு என்று எடுத்தால், குளிர்கால பில்லில் அந்த லாபம் கரைந்துவிடலாம். கேஸ் பாய்லர் உள்ள வீடென்றால் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சூடாக வர எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். பாய்லர் அழுத்தமானியில் முள் 1 பார், 1.5 பார் (அழுத்த அளவு) என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெயில் அடிக்கும்போது ஹீட்டிங்கைப் போட்டுக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் ரேடியேட்டர் சூடேறுகிறதா என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் அறை ரேடியேட்டரை மட்டுமாவது தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொருவர் பதில்:
மேலே சொன்னதோடு சமையலறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் சமையலுக்கு அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் முக்கியம். பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளாது, கார்பன் பில்டர் வழியாகச் சுற்றி மறுபடியும் அறைக்குள்ளேயே விடும். குழாய் சுவர் வழியாக வெளியே போகிறதா என்று அலமாரியைத் திறந்து பாருங்கள். போகாவிட்டால் தாளிப்பு வாசம் மட்டுமல்ல, இட்லிப் பானையின் ஆவி, குக்கர் ஆவி, சாதம் வடித்த ஆவி எல்லாம் குளிர்ந்த சுவரில் போய் நீராகப் படியும். பூஞ்சணத்துக்கு அதுதான் தீனி. துணியை ரேடியேட்டரில் காயப்போடுவதும் அதே வேலையைச் செய்யும். குளிர்காலத்தில் சமைத்து முடித்துப் பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். மலிவான ஈரப்பத மானி ஒன்று வாங்கி ஹாலில் வைத்தால் நல்லது, 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

அடுப்பு இண்டக்ஷனா என்று பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களில் சிலது அதில் வேலை செய்யும், சிலது செய்யாது. அலுமினியமும் பித்தளையும் செய்யவே செய்யாது. பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சரி. ஊரிலிருந்து பாத்திரம் வருவதாக இருந்தால் பெட்டி கட்டும் முன்பே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

சாம்பிராணி போட்டால் புகை அலாரம் கத்தும். அதற்காக அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டு மறந்துபோவதை மட்டும் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, அலாரத்தை விட்டுத் தள்ளி, கதவைச் சாத்திப் போடுங்கள். குடியிருக்கும் ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் கட்டாயம். கேஸ் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். இரண்டையும் வீடு பார்க்கும்போதே தேடிப் பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பணம் பற்றியும் சொல்லுங்கள். ஊரில் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்களா? இங்கே எங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி எதுவும் இல்லை. இன்னொன்று, அம்மா ஆடியில் குடிபோகக் கூடாது என்கிறார்.

பதில்:
பத்து மாதமெல்லாம் கேட்க முடியாது. 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் வரம்பு உண்டு: வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகை, ஒப்பந்தத்தோடு கொடுக்கும் டெபாசிட் ஐந்து வார வாடகை. ஆண்டு வாடகை 50,000 பவுண்டை எட்டினால் ஆறு வாரம். ஒரு வார வாடகையை மாத வாடகையிலிருந்து கணக்கிட, பன்னிரண்டால் பெருக்கி 52-ஆல் வகுக்க வேண்டும், நான்கால் அல்ல. மாதம் 1,500 பவுண்டு என்றால் வாரம் 346, ஐந்து வாரம் சுமார் 1,730. நான்கால் வகுத்து 375 கேட்டால் அது வரம்புக்கு மேல். ஏஜென்ட் பீஸ், ரெபரன்ஸ் பீஸ் என்று தனியாகக் கேட்பதும் தடை.

ஹோல்டிங் டெபாசிட் கொடுத்தபின் நீங்களாகப் பின்வாங்கினாலோ, சம்பளத்தைக் கூட்டிச் சொன்னாலோ அது போய்விடும். வீட்டுக்காரர் பின்வாங்கினால் ஏழு நாளில் திரும்ப வரவேண்டும். ஆகவே முழு மனதாக முடிவு செய்த ஒரே வீட்டுக்கு மட்டும் கொடுங்கள்.

கிரெடிட் ஹிஸ்டரி இல்லாதவர்கள் முன்பெல்லாம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்து வாடகைக்கு வீடு பிடித்தார்கள். 2026 மே 1-க்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது, தொடக்கத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டியே கேட்கவும் வாங்கவும் கூடாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் விடவும் கூடாது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மறுக்கவும் கூடாது. இதனால் இப்போது தாள்கள்தான் பேசும். பெரும்பாலான ஏஜென்டுகள் மாத வாடகையின் முப்பது மடங்கு ஆண்டுச் சம்பளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 1,500-க்கு 45,000. சம்பளமும் வேலையில் சேர்ந்த தேதியும் போட்ட கம்பெனி கடிதம், வேலை ஒப்பந்தம், வந்திருந்தால் முதல் சம்பளச் சீட்டு, ஊர் வங்கியின் ஆறு மாதக் கணக்கு ஆகியவற்றை ஒரே பிடிஎப்பாக வைத்திருங்கள். இது போதாதென்றால் இங்கே சொந்த வீடோ நல்ல சம்பளமோ உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடலாம், அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனத்தை ஏஜென்டே சொல்வார். வாடகைக்குக் குடியிருக்க விசாவில் உரிமை உண்டு என்று காட்ட, அரசுத் தளத்தில் ஷேர் கோட் என்ற குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது 90 நாள் செல்லும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இந்தச் சரிபார்ப்பு.

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு பவுண்டும் அனுப்பாதீர்கள். சாவி தபாலில் வரும், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பவை மோசடிக்காரர்களின் வழக்கமான பேச்சு. டெபாசிட் கொடுத்த 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் கட்டி உங்களுக்குத் தாள் தர வேண்டும். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

ஆடி விஷயத்தில் அம்மாவின் மனம் நோகாமல் செய்ய வழி இருக்கிறது. ஆடி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை வரும். ஆவணி பிறந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் உங்கள் தற்காலிக வீடு முடிந்துவிடும், ஸ்கூல் விண்ணப்பத்துக்குக் காட்ட முகவரியும் இருக்காது. முடிந்தால் ஆனியிலேயே ஒப்பந்தம் தொடங்கும்படி பேசி, நல்ல நாளில் பால் காய்ச்சிவிடுங்கள். பெட்டி படுக்கை ஆடியில் வந்தால் பரவாயில்லை என்று பெரும்பாலான பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து வாடகை ஓடும், அந்தக் கூடுதல் நாட்களுக்கான பணத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கவுன்சில்கள் கையெழுத்தான ஒப்பந்தத்தை முகவரி ஆதாரமாக ஏற்கும். உங்கள் கவுன்சில் என்ன கேட்கிறது என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

இன்னொருவர் பதில்:
வீடு பார்க்கும் நாளெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். பொது நூலகத்தில் உறுப்பினராகக் கட்டணம் இல்லை. அங்கே கோடையில் நான்கு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு சம்மர் ரீடிங் சேலஞ்ச் என்ற வாசிப்பு நிகழ்ச்சி நடக்கும், அதுவும் இலவசம். ஒருவர் நூலகத்தில் பிள்ளைகளோடு இருக்க, மற்றவர் வீடு பார்த்து வீடியோ எடுத்து வரலாம். இறுதி முடிவுக்கு முன் மட்டும் நால்வருமாகப் போய், வீட்டிலிருந்து ஸ்கூல் வாசல் வரை சின்னவன் நடையில் நடந்து பாருங்கள். மேப் பத்து நிமிடம் என்றால் நான்கு வயதுக் காலுக்கு இருபது.

சாவி வாங்கிய அன்று முதல் வேலை மீட்டர். கேஸ் மீட்டர் பல வீடுகளில் வாசலுக்கு வெளியே ஒரு பெட்டியில் இருக்கும், அதைத் திறக்கும் முக்கோணச் சாவியை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள். கேஸ், கரண்டு, தண்ணீர் மீட்டர் இருந்தால் அதுவும், மூன்றையும் படம் எடுத்து அன்றே சப்ளையருக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் முன்பிருந்தவர் பயன்படுத்தியதும் சேர்ந்து உங்கள் கணக்கில் ஏறிவிடலாம். அடுத்து, பெட்டிகளை இறக்கும் முன் காலி அறைகளை வீடியோ எடுங்கள்: கார்ப்பெட் கறை, கதவுக் கீறல், அடுப்பின் உட்புறம், மெத்தை இருந்தால் அதன் இரு பக்கமும். ஏஜென்ட் அனுப்பும் இன்வென்டரியில் (வீட்டின் பொருள்களும் நிலையும் எழுதிய பட்டியல்) இவை இல்லையென்றால் அவர்கள் சொன்ன கெடுவுக்குள், பெரும்பாலும் ஏழு நாள், மின்னஞ்சலில் எழுதிச் சேர்க்க வையுங்கள்.

முதல் வாரத்தில் கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) பதிவு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு, யுகேவிஐ (விசா) கணக்கில் முகவரி மாற்றம். ஜிபியில் பதிய முகவரி ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் வாக்காளர் பட்டியலிலும் பதியலாம். கிரெடிட் ஸ்கோர் இல்லாத புதியவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் விசாவில் அரசு உதவித்தொகை பெறக்கூடாது என்று இருந்தால், பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிபிட் பணத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள், யார் சொன்னாலும். சமையலறை சிங்குக்கு அடியில் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் திருகு எங்கே என்று வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டி, ஒருமுறை திருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.